அஸ்லாக்கின் முறை

அடுப்புக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு மர வளையங்களையும் எடுத்துக் குட்ரூன் தன் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். மகள் சிக்ரிட் சமையலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“வேணாம்மா. கட்டில்லேர்ந்து எழுப்பவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருக்கா.”

“அவ சொல்லுவா. சொல்றதுக்குத்தானே அவளுக்குச் சம்பளம்.”

“வெளிய மைனஸ் பன்னெண்டு.”

“உங்கப்பனுக்குக் குளிர் என்ன புதுசா? தள்ளு.”

“போற வழியிலயே ஏதாவது ஆயிட்டா?”

“இங்கயே படுத்திருந்தா மட்டும் ஆகாதா?”

சிக்ரிட் ஆஸ்லோவில் பல் மருத்துவர். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள், இப்போது தன் வாயை மூடிக்கொண்டு வழியை விட்டாள்.

பக்கத்து அறையில் குட்ரூனின் கணவன் அஸ்லாக் படுத்திருந்தான். கணையத்தில் புற்று என்று கிறிஸ்துமஸுக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை என்றதும் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். சில நாட்களாகச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை கண்ணைத் திறந்து, ஜன்னல் பக்கம் விரலை நீட்டி, “அங்க,” என்றான். அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னான்: “என் முறை.”

ஏதோ பிதற்றுகிறார் என்று சிக்ரிட் நினைத்தாள். குட்ரூனுக்கு மட்டும் பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. அக்டோபரிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். அவன் போவதற்குள் இது ஒன்று நடந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

‘அங்கே’ என்றால் கக்கூஸ். முற்றத்துக்கு அந்தப் பக்கம், கொட்டிலை ஒட்டி, சிவப்புச் சாயம் அடித்த மரக் கொட்டகை. கதவில் இதய வடிவத்தில் ஒரு ஓட்டை. வெளிச்சத்துக்கு அது போதும். எங்கள் பள்ளத்தாக்கில் பழைய வீடுகளில் எல்லாம் இப்படித்தான். உள்ளே பலகையில் அருகருகே இரண்டு ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி வைத்த மூடி. குளிர்காலத்தில் உட்கார மர வளையத்தை அடுப்பருகே சூடாக்கி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இப்போதெல்லாம் ஆளாளுக்குத் தெர்மோகோல் வளையம் வாங்கி மாட்டிவிட்டார்கள். அது எந்தக் குளிரிலும் சில்லிடாது. அஸ்லாக் மட்டும் மீன் விற்கிற பெட்டியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஸ்லாக்கின் அப்பா தண்ணீர் ஊற்றும் பீங்கான் கக்கூஸை ஆயுளில் கண்டவரில்லை. ஆனால் பத்திரிகையில் அதற்கு விளம்பரம் வந்தால் வெட்டி எடுத்துக் கஞ்சிப் பசை போட்டு அந்தச் சுவரில் ஒட்டிவிடுவார். “அவங்க அதுல உக்காந்துக்கட்டும், நாம பாத்துக்கிட்டே உக்காருவோம்,” என்பாராம். அமெரிக்காவுக்குப் போன சித்தப்பா அங்கிருந்து அனுப்பிய கேலி அஞ்சலட்டைகள் பிறகு சேர்ந்தன: சாய்ந்து விழப்போகிற கக்கூஸ், கரடி கதவைத் தட்டுகிற கக்கூஸ், வரிசையில் நின்று நெளிகிற குடும்பம். அதற்கப்புறம் ஊரில் யார் எங்கே போனாலும் அஸ்லாக்குக்கு ஒரு கக்கூஸ் அட்டை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் தோழிகளைக் கூட்டிவரவே கூசிய சிக்ரிட்கூட ரோம் போனபோது ஒன்று அனுப்பினாள். மறைப்பே இல்லாமல் கல்லில் வரிசையாக இருபது ஓட்டைகள். “பேச்சுன்னா அங்கதான் பேச்சு நடந்திருக்கும்,” என்று அஸ்லாக் அதைக் கதவுக்கு நேரே குத்திவைத்தான். இவற்றுக்கெல்லாம் மேலே, எல்லோர் வீட்டுக் கக்கூஸிலும் இருப்பது போல, சட்டமிட்ட படத்தில் அரசரும் அரசியும்.

ஆனால் அந்தச் சுவருக்கு உண்மையான எஜமானி வேறொருத்தி. அப்பா ஒட்டிய முதல் விளம்பரத்தில் இருக்கிறவள். தோளில் நரித்தோல், தலையில் இறகு வைத்த தொப்பி. பளபளக்கும் வெள்ளைப் பீங்கானுக்குப் பக்கத்தில் நின்று, மேலே தொட்டியிலிருந்து தொங்குகிற சங்கிலியைப் பிடித்தபடி சிரிக்கிறாள். இதோ இழுக்கப் போகிறாள் என்று தோன்றும். இழுத்ததில்லை. அவளுக்குப் பெயர் கப்பல்காரம்மா. கப்பல் முதலாளியின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் முடிவு.

குட்ரூன் கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, மாமியார் இரண்டு வளையங்களைக் கையில் கொடுத்து இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினாள். “ரெண்டு பேருமா?” என்று குட்ரூன் திகைத்துப்போய்க் கேட்டாள். “பின்ன எதுக்கு ரெண்டு வெட்டியிருக்கு?” என்றாள் மாமியார். அஸ்லாக் வீட்டுக்குள் வாய் திறக்காத பிறவி. புது மனைவி பக்கத்தில், இப்படி ஒரு கோலத்தில், என்ன பேசுவது என்று தெரியாமல் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “கப்பல்காரம்மா ராத்திரி தூங்கலை போலிருக்கு.”

குட்ரூனுக்கு அன்றைக்கு நா எழவில்லை. மறுநாள் காலை உட்கார்ந்ததும், “அவ புருஷன் குறட்டை விட்டா எப்படித் தூங்குவா?” என்றாள். அஸ்லாக் சிரித்த சிரிப்பில் கொட்டிலில் ஆடு கத்தியது. அன்றோடு விதி உண்டாகிவிட்டது. ஒரு நாள் ஒருவர் சொல்ல வேண்டும். பதில் மறுநாள்தான், அன்றே சொல்லக் கூடாது. மற்ற ஊர்க்கதைகளை அங்கே உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கப்பல்காரம்மா விஷயத்தில் மட்டும் ஒரு காலைக்கு ஒரு வரி. நாற்பத்துச் சொச்சம் வருஷம்.

முதல் பிள்ளை ஆறு வாரம் இருந்துவிட்டுப் போனான். வீடு நிறைய ஆட்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். அஸ்லாக் ஒரு வார்த்தை பேசவில்லை, இவனும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு ஆங்காரமாக இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் கக்கூஸில், சுவரைப் பார்க்காமல் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “கப்பல்காரம்மா திரையை இழுத்து விட்டுட்டா. யாரையும் பாக்கறதா இல்லை.” மறுநாள் குட்ரூனால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை. வாரக்கணக்கில் அவன் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான், அவள் முறையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. பனி உருக ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு வாய் வந்தது. “இன்னைக்கு ஒரு ஜன்னலைத் திறந்தா,” என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படி ஒரு மனிதன்தான் அவன். வீட்டுக்குள் தேடினால் கிடைக்க மாட்டான்.

போன அக்டோபரில் குட்ரூனுக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. முற்றத்தில் பனி கெட்டிப்பட்டுக் கண்ணாடியாகிவிட்டது. மகள் என்றோ கட்டிக்கொடுத்த உள்வீட்டுக் குளியலறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அஸ்லாக் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தான். விளையாட்டு அவன் முறையில் நின்றுபோயிருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சாப்பாட்டு மேசையில், “கப்பல்காரம்மா எப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டாள். தேவாலயத்தில் படுக்கையறை விஷயத்தைப் பேசியவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். “இடுப்பு சரியாகட்டும்,” என்றான். இடுப்பு சரியாவதற்குள் அவன் படுத்துவிட்டான்.

பக்கத்து வீட்டு ஹால்வோர் டிராக்டரில் பனி தள்ள வந்திருந்தான். குட்ரூன் கூப்பிட்டதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அஸ்லாக்கைக் கம்பளிகளில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, வாசலில் நிறுத்தியிருந்த சறுக்கு நாற்காலியில் உட்காரவைத்தான். கீழே இரண்டு இரும்புச் சட்டம் வைத்த நாற்காலி. பின்னாலிருந்து தள்ளினால் பனியில் வழுக்கிக்கொண்டு போகும்.

“என்னடா அஸ்லாக், காலங்காத்தால ராஜா தரிசனமா?” என்றான் ஹால்வோர். “போய் நான் கேட்டேன்னு சொல்லு. என் வரியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு.”

அஸ்லாக்கின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. ஹால்வோரின் குரல் அந்தக் கேலி வரைக்கும்தான் தாங்கியது. நாற்காலியைத் தள்ளும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். சிக்ரிட் அம்மாவின் கையைப் பிடித்து அடி அடியாக நடத்திக் கூட்டிப்போனாள்.

உள்ளே வளையத்தைப் போட்டு அவனை உட்காரவைத்து, சுற்றிலும் கம்பளியைச் செருகிவிட்டு, ஹால்வோர் வெளியே வந்தான். குட்ரூன் தன் வளையத்தைப் போட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வளையம் இன்னும் சூடாக இருந்தது.

“நான் கதவுகிட்டயே நிக்கறேன்மா,” என்றாள் சிக்ரிட்.

“தள்ளி நில்லு. சாத்திட்டுப் போ.”

கதவு மூடியதும் இதய ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்தது. அஸ்லாக் சுற்றிலும் பார்த்தான். கரடியை, ரோமாபுரிக்காரர்களை, அரசரை. அவன் சாய்ந்துவிடாமல் குட்ரூன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எலும்பும் கம்பளியுமாக இருந்தது. அவன் முறை, அவள் பேசக் கூடாது. எவ்வளவு நேரமாயிற்றோ, எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டானோ என்று பயந்தாள். கடவுளே, ஒரே ஒரு வரி, என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

“கப்பல்காரர்,” என்றான் அஸ்லாக். மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் கப்பல்காரர் பேச்சை அவளாகத்தான் எடுப்பாள், அவன் எடுத்ததில்லை. “கப்பல்காரர் கிளம்பறார்.”

அவள் காதை அவன் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

“சாப்பாட்டுக்கு அந்தம்மா காத்திருக்க வேணாம்னு... சொல்லச் சொன்னார்.”

குட்ரூன் அவன் பக்கம் திரும்பினாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குளிருது, கழுத்துக்குச் சுத்திக்கிட்டுப் போகச் சொல்லு, தனியாவா போறார், நானும் வரேன்னு சொல்லு என்று எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. “அவர்கிட்டச் சொல்லு,” என்று ஆரம்பித்தாள்.

கம்பளிக்குள்ளிருந்து அவன் விரல் ஒன்று மேலே வந்தது. அவள் விதியை மீறப் பார்க்கும்போதெல்லாம் அவன் காட்டுகிற அதே விரல்.

“நாளைக்கு,” என்றான். கண்ணில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன விதியை அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மீறியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அப்போது அவன் விளையாடுகிறான் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நாளை என்று ஒன்று இருப்பது போல அவன் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. இரண்டு பேர் மூச்சும் குளிரில் புகையாக மேலே போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கப்பல்காரம்மாவைப் பார்த்தாள், அரசரைப் பார்த்தாள். மறுபடி திரும்பியபோது ஒரு மூச்சுதான் புகைந்துகொண்டிருந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வளையம் சில்லிட்டுப்போய், குளிர் தொடையில் ஏறி, புதிய இடுப்பெலும்பு வரைக்கும் வந்தது.

சிக்ரிட் கதவைத் தட்டினாள். “அம்மா? ஆச்சா?”

“ஆச்சு,” என்றாள் குட்ரூன்.

சிக்ரிட் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பனியிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து அழுதாள். நடுவயதுப் பெண், அப்பா அப்பா என்று சின்னக் குழந்தை மாதிரி. ஹால்வோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிக்ரிட் கேட்டாள்: “நர்ஸ்கிட்ட என்னன்னு சொல்றது? கக்கூஸ்ல போனார்னா சொல்றது?”

“ராஜா முன்னாடி உயிரை விட்டான்னு சொல்லு,” என்றான் ஹால்வோர்.

அதைக் கேட்டு முதலில் சிரித்தது குட்ரூன்தான். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஹால்வோரும் சிக்ரிட்டும் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் முற்றத்தைத் தாண்டவில்லை. அடக்கத்துக்கு நாள் குறித்து, பாதிரியார் வந்து பேசிவிட்டுப் போய், உறவுக்காரர்களுக்கு வாஃபிள் சுட்டுப் போட்டு எல்லாம் நடந்தது. வீட்டு வாசல் கொடிமரத்தில் துக்கத்துக்குக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். காலையில் அவள் உள்வீட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அந்த இடத்தைப் பாக்கவே அம்மாவால முடியலை,” என்று சிக்ரிட் ஹால்வோரிடம் சொல்வது காதில் விழுந்தது. “வேணும்னா இடிச்சுடலாமா?”

“கொஞ்ச நாள் போகட்டும்,” என்றான் ஹால்வோர்.

முடியாமல் இல்லை. அங்கே போய் உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டும், அவள் முறை. சொல்லிவிட்டால் அடுத்தது அவன் முறை. அது எங்கிருந்து வரும்? சொல்லாமல் வைத்திருக்கிற வரைக்கும் அவன் எங்கோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறான் என்று இருக்கும். பிள்ளை போனபோது வாரக்கணக்கில் காத்திருந்தவன் இப்போதும் காத்திருப்பான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ராத்திரியெல்லாம் பதிலை வாய்க்குள்ளேயே புரட்டிக்கொண்டு கிடந்தாள்.

அடக்கத்தன்று காலை ஹால்வோர் டிராக்டர் நிறைய ஊசியிலைத் தழை வெட்டிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டில் வாசற்படியிலிருந்து வெளிக்கதவு வரைக்கும் பனிமேல் தழை தூவுவோம். போகிறவர் அதன்மேல்தான் போக வேண்டும். கூடத்தில் பெட்டியைச் சுற்றி உறவினர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். குட்ரூன் கறுப்பு உடையோடு படியில் வந்து நின்று, அவன் தூவுவதைப் பார்த்தாள். வாசலிலிருந்து வெளிக்கதவுக்கு நேராக, பச்சையாக, ஒழுங்காகப் போட்டிருந்தான்.

“தப்பாப் போட்டிருக்க,” என்றாள்.

ஹால்வோர் நிமிர்ந்தான். “எது?”

“அவன் அந்தப் பக்கமா போகலை.”

ஊன்றுகோலைப் படியில் சாத்திவிட்டு, டிராக்டரிலிருந்து ஒரு கை தழையை அள்ளிக்கொண்டாள். வாசலிலிருந்து முற்றத்துக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே நடந்தாள். இடுப்பு வலித்தது. பாதியில் தழை தீர்ந்துவிட்டது. ஹால்வோர் இன்னொரு கட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். சிவப்புக் கதவுவரைக்கும் போட்டு முடித்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வளையம் எடுத்துவரவில்லை. மூடியை எடுக்காமலே தன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்து மூடி அன்றைக்குத் திறந்தபடியே கிடந்தது. விளிம்பில் பனி படிந்திருந்தது. சுவரில் கப்பல்காரம்மா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

“காத்திருக்க வேணாம்னு சொல்லியும் அவ கேக்கலை,” என்றாள் குட்ரூன். குரல் உடைந்தது, நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். “தட்டை மூடி வச்சிருக்கா.”

வீட்டில் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள், பெட்டி கிளம்பும்போது பாடுவது. பனியில் காலடி கேட்டது. சிக்ரிட் கதவைத் திறந்தாள்.

“அம்மா, தூக்கப் போறாங்க. வா.”

குட்ரூன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிக்ரிட் அம்மாவை நிலைப்படியில் நிறுத்திவிட்டு, அப்பா உட்கார்ந்த பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்து, மூடியை எடுத்துப் போடக் குனிந்தாள்.

“அது இருக்கட்டும்,” என்றாள் குட்ரூன்.

“பனி விழுந்துடும்மா.”

“இருக்கட்டும்.”

சிக்ரிட் கையை எடுத்துக்கொண்டாள்.